அம்மாவின் மூட்டு வலிக்கு அக்குபஞ்சர்: முதல் முறை போகும் முன் எதைத் தெரிந்துகொள்ள வேண்டும்?

கேள்வி: திருச்சியிலிருந்து ஒரு மகள்

அனைவருக்கும் வணக்கம். என் அம்மாவுக்கு 63 வயது. இரண்டு முழங்கால்களிலும் மூட்டுத் தேய்மானம் இருப்பதாக எலும்பு மருத்துவர் எக்ஸ்ரே பார்த்துச் சொன்னார்; வலது கால்தான் மோசம். மாடிப்படி இறங்கும்போதும், கோயிலில் தரையில் உட்கார்ந்து எழும்போதும் வலி தாங்க முடியவில்லை என்கிறார். 12 ஆண்டுகளாகச் சர்க்கரை நோய் இருக்கிறது. இரு வேளை மெட்ஃபார்மின், இரவில் இன்சுலின். போதாததற்கு எட்டு மாதங்களுக்கு முன் இதய இரத்தக் குழாயில் ஸ்டென்ட் (அடைப்பை விரித்து வைக்கும் சிறு வலைக்குழாய்) வைத்தார்கள். அதற்காக, இரத்தம் உறையாமல் இருக்க ஆஸ்பிரினும் குளோபிடோகிரெலும் தினமும் சாப்பிடுகிறார். இவற்றோடு வலி மாத்திரைகளைச் சேர்த்துப் போட்டால் வயிற்றில் இரத்தக் கசிவு ஏற்படக்கூடும், இதயத்துக்கும் நல்லதல்ல என்று இதய மருத்துவர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். மூட்டு மாற்று அறுவை சிகிச்சை என்று பேச்செடுத்தாலே அம்மா எழுந்து அடுக்களைக்குள் போய்விடுகிறார்.

இந்நிலையில் எதிர்வீட்டு அக்கா அக்குபஞ்சரைப் பரிந்துரைத்தார். விசாரித்ததில் எங்கள் பகுதியிலேயே இரண்டு இடங்கள் இருக்கின்றன. ஒன்றில் ஊசி குத்துகிறார்கள். மற்றொன்றில் ஊசியே கிடையாது. நாடி பார்த்துவிட்டு, விரலால் ஒரு புள்ளியைத் தொட்டு அனுப்பிவிடுகிறார்கள். இரண்டு பெயர்ப் பலகைகளிலும் 'அக்குபஞ்சர்' என்றுதான் எழுதியிருக்கிறது.

நான் அறிய விரும்புவது இவ்வளவுதான். இரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுபவருக்கு ஊசி குத்தலாமா? சர்க்கரை நோயாளிக்குக் குத்திய இடம் புண்ணாகுமா? எத்தனை முறை போனால் பலன் உண்டா இல்லையா என்று தெரியும்? அங்கே போய் நாங்கள் எதைச் சொல்ல வேண்டும், எதைக் கேட்க வேண்டும்? அனுபவம் உள்ளவர்கள் விரிவாகச் சொன்னால் உதவியாக இருக்கும்.

பதில் 1: கோவை இயற்கை மருத்துவர்

சகோதரிக்கு வணக்கம். நான் ஐந்தரை ஆண்டு இயற்கை மருத்துவம், யோகா பட்டப்படிப்பு முடித்து, கோவையில் 14 ஆண்டுகளாக ஊசி வழி அக்குபஞ்சர் செய்து வருகிறேன். எனவே இந்த முறையின் மீது எனக்கு ஒரு பற்று உண்டு என்பதைக் கணக்கில் வைத்துக்கொண்டே என் பதிலைப் படியுங்கள்.

முதலில் மாத்திரைகளைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். ஆஸ்பிரினும் குளோபிடோகிரெலும் சாப்பிடுகிறவருக்கு ஊசி குத்தவே கூடாது என்பதில்லை. ஊசியை எடுத்த பின் ஒரு சொட்டு இரத்தம் வரலாம். மறுநாள் அந்த இடம் கன்றிப்போய் நீலம் பாரித்திருக்கலாம். குத்துகிறவருக்கு இது முன்கூட்டியே தெரிந்திருந்தால் ஆழமாகக் குத்துவதையும் ஊசியை அதிகம் திருகுவதையும் தவிர்ப்பார். எடுத்ததும் பஞ்சால் இரண்டு நிமிடம் அழுத்திப் பிடிப்பார். இரத்தம் உறைவதைத் தடுக்கும் இன்னொரு மருந்தான வார்ஃபரின் சாப்பிடுகிறவர்கள், இரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று காட்டும் ஐ.என்.ஆர். பரிசோதனையின் அண்மை முடிவையும் கொண்டுபோக வேண்டும். ஆனால் ஊசிக்காக அந்த மாத்திரைகளை ஒரு வேளைகூட நிறுத்தக் கூடாது. ஸ்டென்ட் வைத்து ஓர் ஆண்டுகூட ஆகாத நிலையில், இதய மருத்துவரைக் கேட்காமல் குளோபிடோகிரெலை நிறுத்தினால் ஸ்டென்டுக்குள்ளேயே இரத்தம் உறைந்து மாரடைப்பு வரக்கூடும். எவர் நிறுத்தச் சொன்னாலும், அவர் சுவரில் எத்தனை சான்றிதழ்கள் மாட்டியிருந்தாலும், அந்த இடத்தைவிட்டு எழுந்து வந்துவிடுங்கள்.

அடுத்து சர்க்கரை நோய். 12 ஆண்டுகள் ஆகியிருப்பதால் பாதத்தில் உணர்வு எப்படி இருக்கிறது என்று பார்க்க வேண்டும். செருப்பு கழன்று விழுவது தெரியாமல் நடப்பவர், மெத்தையின் மீது நடப்பதுபோல் இருக்கிறது என்பவர் ஆகியோருக்குப் பாதத்திலும் கணுக்காலைச் சுற்றியும் நான் ஊசி குத்துவதில்லை. குத்தினால் அவருக்குத் தெரியாது. பின்னால் புண்ணானாலும் தெரியாது. முழங்கால் வலிக்குக் கணுக்காலில் குத்தியே ஆக வேண்டும் என்ற கட்டாயமும் கிடையாது. ஊசியைவிட எனக்கு அதிக அச்சம் தருவது சூடுதான். மூலிகைச் சுருளைப் பற்றவைத்து ஊசியருகே காட்டும் மாக்ஸா முறையும், சிவப்பு விளக்கு ஒத்தடமும் உணர்வு குறைந்த தோலில் கொப்புளம் எழுப்பிவிடும். சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறதா என்பதை அறிய மூன்று மாத சராசரி அளவைக் காட்டும் எச்.பி.ஏ.1.சி. முடிவையும் எடுத்துச் செல்லுங்கள்.

இன்னொன்று. வெறும் வயிற்றோடு போகாதீர்கள். முதல் முறை வருகிறவர்களில் சிலருக்கு ஊசியைக் கண்டதும் தலை சுற்றும், வியர்க்கும், சிலர் மயங்கியும் விடுவார்கள். இன்சுலின் போடுகிறவர் பட்டினியாக வந்து மயங்கினால், அது ஊசியால் வந்த மயக்கமா, சர்க்கரை இறங்கிய மயக்கமா என்று அந்த நேரத்தில் யாராலும் உடனே சொல்ல முடியாது. லேசாகச் சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்து வருவது சரி. முதல் அமர்வை நாற்காலியில் உட்கார வைத்துச் செய்யாமல் படுக்க வைத்தே செய்யும்படி கேளுங்கள்.

ஊசியைப் பற்றி அம்மாவுக்கு அதிகம் விளக்க வேண்டியிராது, ஏனெனில் அவர் தினமும் இன்சுலின் போடுகிறவர். பேனாவில் பொருத்தும் இன்சுலின் ஊசியின் பருமன் ஏறத்தாழ கால் மில்லிமீட்டர். நாங்கள் பெரும்பாலும் பயன்படுத்துவதும் 0.25 மில்லிமீட்டர்தான். அதில் துளை இருக்கும், இதில் இருக்காது. மருந்து எதுவும் உள்ளே போகாது. தோலைத் துளைக்கும்போது எறும்பு கடித்தாற்போல ஒரு கணம் சுருக்கென்றிருக்கும். பிறகு தசைக்குள் ஒரு கனம், ஒரு மந்தமான குடைச்சல், சில நேரம் வெதுவெதுப்பு தெரியும். சீன மருத்துவர்கள் இதை 'தே சீ' என்பார்கள். எங்களுக்கு அது வேண்டிய உணர்வு. மின்சாரம் பாய்ந்ததுபோல் காலின் நுனிவரை சுளீரென்று இழுத்தால் நரம்பைத் தொட்டிருக்கிறோம் என்று பொருள். அப்போது பல்லைக் கடித்துக்கொண்டு பொறுக்கக் கூடாது, உடனே சொல்ல வேண்டும். நம் ஊர் அம்மாமார்கள் இதைச் சொல்வதே இல்லை. "டாக்டர் தப்பாக எடுத்துக்கொள்வார்" என்று பேசாமல் படுத்திருப்பார்கள்.

முழங்காலுக்கு வழக்கமாகக் குத்தும் இடங்கள் சில: மூட்டுச் சில்லுக்குக் கீழே இருபுறமும் உள்ள குழிகள், அதற்கு நான்கு விரல் கீழே வெளிப்புறமாக எஸ்.டி. 36, காலின் உட்புறம் எஸ்.பி. 9, வெளிப்புறம் ஜி.பி. 34 (இவை அக்குபஞ்சர் புள்ளிகளின் குறியீட்டுப் பெயர்கள்). எட்டு முதல் பன்னிரண்டு ஊசிகள் வரை இருக்கும். இருபது, முப்பது நிமிடம் அப்படியே படுத்திருக்க வேண்டும். சில இடங்களில் ஊசியோடு சிறு மின்னோட்டக் கருவியை இணைப்பார்கள். இதயத் துடிப்பைச் சீராக்கும் பேஸ்மேக்கர் கருவி இருப்பவர்களுக்கு அது கூடாது. அம்மாவுக்கு வைத்திருப்பது ஸ்டென்ட் மட்டும்தானா என்பதை உறுதிசெய்துகொள்ளுங்கள், ஏனெனில் பலர் இரண்டையும் ஒன்றென்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். எழுந்திருக்கும் முன் போட்ட ஊசிகளின் எண்ணிக்கையும் எடுத்த ஊசிகளின் எண்ணிக்கையும் ஒன்றாக இருக்கிறதா என்று நீங்களே எண்ணிக்கொள்ளலாம். புடவை மடிப்பில் ஓர் ஊசியோடு பேருந்து ஏறியவரை நான் அறிவேன்.

ஊசி ஒருமுறை மட்டுமே பயன்படுத்துவதாக, கிருமி நீக்கிய உறையில் இருக்க வேண்டும். அந்த உறையை உங்கள் கண்முன் பிரிக்க வேண்டும். பயன்படுத்திய ஊசி குப்பைக் கூடைக்குப் போகிறதா, துளைக்க முடியாத வெள்ளைப் பெட்டிக்குப் போகிறதா என்று பாருங்கள். 2016ஆம் ஆண்டின் மருத்துவக் கழிவு விதிகளின்படி கூர்மையான கழிவுகளுக்கு அந்தப் பெட்டிதான் உரியது. "உங்கள் ஊசியை உங்களுக்கென்றே தனி டப்பாவில் வைத்திருக்கிறோம்" என்று சொல்லும் இடங்கள் இன்னமும் உண்டு. அதை நான் ஏற்க மாட்டேன். மறுபடி பயன்படுத்திய ஊசிகளால் கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் பி பரவியது வெளிநாடுகளில் பதிவாகியிருக்கிறது.

எத்தனை முறை என்று கேட்டிருந்தீர்கள். வாரம் ஒருமுறை அல்லது இருமுறை என ஆறிலிருந்து எட்டு அமர்வுகள் பார்க்கலாம். அதற்குள் எந்த மாற்றமும் இல்லையென்றால் இன்னும் பத்து முறை வாருங்கள் என்று சொல்ல எனக்கு நியாயம் கிடையாது. தொடங்கும் முன்பே ஒரு நோட்டில் எழுதி வையுங்கள்: எத்தனை படி இறங்க முடிகிறது, இரவில் வலியால் எத்தனை முறை விழிக்கிறார், பத்துக்கு எத்தனை வலி என்று. எழுதி வைக்காவிட்டால் மூன்றாம் வாரத்தில் "பரவாயில்லை போலத்தான் இருக்கிறது" என்ற ஒரு வாக்கியம்தான் மிஞ்சும்.

பதில் 2: மதுரை, ஓய்வுபெற்ற வங்கி ஊழியர்

மருத்துவர் ஐயா எழுதியதற்கு என் அனுபவத்தையே சாட்சியாகச் சொல்ல விரும்புகிறேன். ஊரையும் பெயரையும் தவிர்க்கிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் தோள்பட்டை இறுக்கத்துக்காக ஓர் அக்குபஞ்சர் நிலையத்துக்குப் போனேன். அங்கிருந்தவரை எல்லோரும் ஹீலர் என்று அழைத்தார்கள். மிகவும் அன்பாகப் பேசினார். அரை மணி நேரம் என் கதையைக் கேட்டார். அதற்கு முன் எந்த மருத்துவரும் என்னிடம் அவ்வளவு நேரம் செலவழித்ததில்லை. அந்த அன்பில்தான் ஏமாந்தேன் என்று இப்போது தோன்றுகிறது. "இரத்த அழுத்த மாத்திரை உடம்புக்குள் கழிவாகத் தேங்குகிறது, அதை விட்டுவிட்டால் உடம்பே தன்னைச் சரிசெய்துகொள்ளும்" என்றார். விட்டேன். பத்து நாளில் பின்மண்டை வலிக்கத் தொடங்கியது. போய்ச் சொன்னபோது, கழிவு வெளியேறும்போது அப்படித்தான் இருக்கும், அது நல்ல அறிகுறி என்றார். இந்தச் சொல்லில் ஒரு வசதி இருப்பதைப் பாருங்கள்: உடம்பு தேறினால் சிகிச்சையின் வெற்றி, மோசமானால் கழிவு வெளியேற்றம். எந்தப் பக்கம் விழுந்தாலும் அவர் பக்கமே சரி.

என் மகன் ஊரிலிருந்து வந்தபோது அழுத்தத்தை அளந்து பார்த்தான். 190க்கு 110 இருந்தது. அன்றே மருத்துவமனையில் சேர்த்தான். நல்லவேளையாகப் பக்கவாதம் வரவில்லை.

தோள்பட்டையைப் பற்றியும் சொல்லத்தான் வேண்டும்: அது ஓரளவு தேறியிருந்தது. சிகிச்சையாலா, காலம் கடந்ததாலா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. உறைந்த தோள் ஒன்றிரண்டு ஆண்டில் தானாகவும் தளர்ந்துவிடும் என்று பிறகு ஒரு மருத்துவர் சொன்னார். ஆகையால் அக்குபஞ்சரே பொய் என்று நான் சொல்ல வரவில்லை. வலிக்குப் போன இடத்தில் வலியை மட்டும் பேசுங்கள். அம்மாவைத் தனியாக அனுப்பாதீர்கள், சகோதரி. கூடவே உட்கார்ந்து, சொல்வதைக் காதில் வாங்குங்கள்.

பதில் 3: ஈரோடு வாசகர்

மேலே சொன்னது வருந்தத்தக்கது. ஆனால் தொடு சிகிச்சை செய்கிறவர்கள் எல்லோரும் அப்படிப்பட்டவர்கள் என்ற எண்ணம் ஏற்பட்டுவிடக் கூடாது என்பதற்காக இதை எழுதுகிறேன். எனக்கு நீண்ட நாள் இடுப்பு வலி இருந்தது. எங்கள் ஊரில் ஒரு பெண்மணி ஊசியில்லாமல் ஒரே ஒரு புள்ளியை விரலால் தொட்டுச் சிகிச்சை செய்கிறார். பஞ்சபூத மூலகங்களில் எது குறைந்திருக்கிறது என்று நாடியில் பார்த்து, அதற்கேற்ற புள்ளியைத் தேர்ந்தெடுப்பதாகச் சொன்னார். நான் சாப்பிடும் தைராய்டு மாத்திரையை நிறுத்தச் சொல்லவே இல்லை. "அது உங்கள் மருத்துவருக்கும் உங்களுக்கும் உள்ள விஷயம்" என்றார். இரண்டு மாதத்தில் இடுப்பு வலி வெகுவாகக் குறைந்தது.

ஊசியில்லாததால் இரத்தக் கசிவு, கிருமித் தொற்று என்ற பேச்சுக்கே இடமில்லை. ஆகவே உங்கள் அம்மாவைப் போல இரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவருக்கு இதுதானே பாதுகாப்பானது? உலக நாடுகள் பலவற்றில் அக்குபஞ்சர் பற்றி ஆய்வுகள் செய்து ஏற்றுக்கொண்டிருக்கிறார்கள் என்றும் படித்திருக்கிறேன்.

பதில் 4: இங்கிலாந்தில் பணிபுரியும் இயன்முறை மருத்துவர்

நான் யாழ்ப்பாணத்தைச் சேர்ந்தவள். இங்குள்ள அரசு மருத்துவமனையில் இயன்முறை மருத்துவராகப் பணிபுரிகிறேன். இங்கு எங்களில் பலர் ஊசி போடப் பயிற்சி பெற்றவர்கள், நானும் பெற்றிருக்கிறேன். ஈரோடு அண்ணா குறிப்பிட்ட ஆய்வுகளைப் பற்றிச் சற்று விளக்கமாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் அந்த ஆய்வுகள் சொல்வது அவர் நினைப்பதைவிடச் சுவாரசியமானது.

ஊசி உண்மையில் வேலை செய்கிறதா என்று அறிய, ஒரு குழுவுக்கு முறைப்படி ஊசி போடுவார்கள்; மற்றொரு குழுவுக்குப் போலி ஊசி போடுவார்கள். போலி என்றால் புள்ளி அல்லாத இடத்தில் மேலோட்டமாகக் குத்துவது, அல்லது நாடகத்தில் வரும் கத்தியைப் போல உள்ளே மடங்கிக்கொண்டு தோலை வெறுமனே தொடும் ஊசியைப் பயன்படுத்துவது. ஜெர்மனியில் 1,162 பேரிடம் நடந்து 2007இல் வெளியான கீழ் முதுகு (இடுப்பு) வலி ஆய்வில், ஆறு மாதத்துக்குப் பின் முறையான ஊசி பெற்றவர்களில் 47.6 விழுக்காட்டினர் தேறியிருந்தார்கள். போலி ஊசி பெற்றவர்களில் 44.2 விழுக்காட்டினர், மருந்து, உடற்பயிற்சி என வழக்கமான சிகிச்சை பெற்றவர்களில் 27.4 விழுக்காட்டினர் மட்டுமே. இதை எப்படிப் படிப்பது? வழக்கமான சிகிச்சையைவிட ஊசி மேல் என்று ஒருவர் படிக்கலாம். எந்த இடத்தில் எவ்வளவு ஆழம் குத்தினாலும் பெரிய வேறுபாடில்லை, ஆகவே புள்ளிக் கணக்கும் நாடிக் கணக்கும் தேவையற்றவை என்று இன்னொருவர் படிக்கலாம். நான் இரண்டாவது கட்சி, ஆனால் முழுமையாக அல்ல: 39 ஆய்வுகளில் பங்கேற்ற 20,827 நோயாளிகளின் தரவுகளை ஒன்றாகத் தொகுத்து 2018இல் வெளியிட்டபோது, போலியைவிட உண்மையான ஊசி சிறிதளவு மேலாகத்தான் இருந்தது. சிறிதளவு என்பதை அடிக்கோடிட்டுப் படியுங்கள்.

இப்போது தொடு சிகிச்சைக்கு வருவோம். ஊசி ஆய்வுகளைக் காட்டி அதற்கு ஆதரவு தேடுவது பொருந்தாது. தோலைத் தொட்டுவிட்டு விடுவதைத்தான் அந்த ஆய்வாளர்களில் சிலர் போலி என்று வைத்திருந்தார்கள். அதனால் வலி குறையாது என்று நான் சொல்லவில்லை. அக்கறையோடு ஒருவர் அரை மணி நேரம் கேட்பதே வலியைக் குறைக்கும். ஊசியால் வரும் ஆபத்து அதில் இல்லை என்பதும் உண்மை. ஆனால் மதுரை ஐயாவின் இரத்த அழுத்தத்தை ஏற்றியது எந்த ஊசியும் அல்ல.

முழங்காலுக்கு என்ன சொல்கிறார்கள் என்பதில் நாடுகளே ஒத்துப்போவதில்லை. அமெரிக்க வாத நோய் மருத்துவர் கல்லூரி 2019இல் மூட்டுத் தேய்மானத்துக்கு அக்குபஞ்சரை நிபந்தனையோடு பரிந்துரைத்தது. இங்கு சிகிச்சை வழிகாட்டுதல்களை வகுக்கும் நைஸ் அமைப்பு 2022இல் வெளியிட்ட வழிகாட்டுதலில், தேய்மானத்துக்கு அக்குபஞ்சர் அளிக்க வேண்டாம் என்றே சொல்லிவிட்டது. ஆஸ்திரேலியாவில் 50 வயதைக் கடந்த 282 பேரிடம் நடந்து 2014இல் வெளியான ஆய்வில், முழங்கால் வலிக்கு ஊசியும், ஊசிக்குப் பதிலாக அதே புள்ளிகளில் ஒளி பாய்ச்சும் லேசரும் போலி லேசரைவிட மேலாக இல்லை. ஒற்றைத் தலைவலிக்கு ஊசி பற்றிய சான்றுகள் இதைவிட நன்றாக இருக்கின்றன. அதே நைஸ் அமைப்பு அதற்கு ஐந்திலிருந்து எட்டு வாரங்களில் பத்து அமர்வுகள் வரை கருதலாம் என்கிறது. ஆக, "அக்குபஞ்சர் நல்லதா?" என்ற கேள்விக்கு "எந்த நோய்க்கு?" என்று திருப்பிக் கேட்டால்தான் பதில் வரும்.

தங்கைக்கு நான் சொல்வது: ஊசிக்குப் போவதானால் போங்கள், ஆனால் அது முழங்காலுக்கு முக்கியச் சிகிச்சை என்று நினைத்துப் போகாதீர்கள். தொடைத் தசையை வலுப்படுத்தும் பயிற்சிதான் அடிப்படை. நாற்காலியில் உட்கார்ந்து காலை நேராக நீட்டி ஐந்து எண்ணும்வரை பிடிப்பது, கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழுந்து உட்காருவது என எளியவற்றிலிருந்து தொடங்கலாம். உடல் எடை ஒரு கிலோ குறைந்தால் ஒவ்வோர் அடியிலும் முழங்காலில் விழும் சுமை ஏறத்தாழ நான்கு கிலோ குறைகிறது என்பது அளந்து பார்த்த கணக்கு. வலி மாத்திரைக்குப் பதிலாகத் தடவும் ஜெல் போடலாமா என்று இதய மருத்துவரிடம் கேட்டுப் பாருங்கள். ஊசியால் வலி சற்றுத் தணிந்தால், அந்த இடைவெளியில் பயிற்சியைச் செய்ய முடியும். அந்த அளவில் நானே என் நோயாளிகள் சிலருக்குப் போட்டிருக்கிறேன்.

கேள்வி கேட்டவர்

எல்லோருக்கும் மிக்க நன்றி. நேற்று இரண்டு இடங்களுக்கும் தொலைபேசியில் பேசினேன். தொடு சிகிச்சை நிலையத்தில், "பசித்தால் மட்டும் சாப்பிட வேண்டும், இன்சுலினை மெல்ல மெல்லக் குறைத்துவிடலாம்" என்று முதல் பேச்சிலேயே சொன்னார்கள். ஈரோடு ஐயா சொன்ன பெண்மணியைப் போன்றவர் எங்கள் பகுதியில் இல்லை போலும். ஊசி போடும் இடத்தில் மாத்திரைச் சீட்டைக் கொண்டுவரச் சொன்னார்கள். ஆனால் அங்கிருப்பவர் என்ன படித்தவர் என்று கேட்டபோது டிப்ளமோ என்று மட்டும் பதில் வந்தது. அது போதுமானதா? அரசு அங்கீகாரம் பெற்றது என்றும் சொன்னார்கள்.

பதில் 5: கோவை இயற்கை மருத்துவர்

அந்த 'அரசு அங்கீகாரம்' என்ற சொல் எங்கள் துறையில் ரப்பரைப் போல இழுபடுகிறது. மத்திய சுகாதார அமைச்சகம் 2003இல் வெளியிட்ட ஆணை, பதிவு பெற்ற மருத்துவர்களோ உரிய பயிற்சி பெற்றவர்களோ அக்குபஞ்சரை ஒரு சிகிச்சை வழியாகக் கையாளலாம் என்றது. 2019 பிப்ரவரியில் அதைத் தனித்த சிகிச்சை முறையாகவே ஏற்றது. முறையை ஏற்றது வேறு. ஒவ்வொரு டிப்ளமோவையும் ஏற்றது என்பது வேறு. மேற்கு வங்கம் 1996இலேயே இதற்குத் தனிச் சட்டம் இயற்றியது, பின்னர் மகாராஷ்டிரமும் இயற்றியது. நம் மாநிலத்தில் அத்தகைய சட்டம் இல்லாததால், ஐந்தரை ஆண்டு படித்தவரும் சில வார இறுதி வகுப்புகளுக்குப் போனவரும் ஒரே மாதிரி பலகையை மாட்டிக்கொள்ள முடிகிறது. ஆகவே, எத்தனை மாதம் படித்தார், நோயாளிகளிடம் நேரடிப் பயிற்சி எங்கே பெற்றார், எந்த மருத்துவப் பதிவாவது உண்டா என்று கேளுங்கள். கோபித்துக்கொள்கிறவர் பதில் சொல்லிவிட்டார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அரசு யோகா, இயற்கை மருத்துவப் பிரிவு அருகில் இருந்தால் அங்கே விசாரிப்பது இன்னும் நல்லது.

இங்கிலாந்துச் சகோதரி எழுதியதில் பெரும்பகுதியை ஒப்புக்கொள்கிறேன். என் அனுபவத்தில் முழங்காலுக்கு ஊசி அதைவிடக் கூடுதலாகப் பலன் தருகிறது என்று சொல்லத் தோன்றினாலும், பலன் பெற்றவர்கள்தாம் திரும்பத் திரும்ப என்னிடம் வருகிறார்கள், பெறாதவர்கள் வேறெங்கோ போய்விடுகிறார்கள் என்பதும் எனக்குத் தெரியும். எங்கள் துறையினர் மிகைப்படுத்துவதும் புதிதல்ல. 1971இல் பெய்ஜிங்கில் அமெரிக்கச் செய்தியாளர் ஜேம்ஸ் ரெஸ்டனுக்கு ஊசி குத்தியே குடல்வாலை அறுத்து எடுத்தார்கள் என்று பலர் கதை சொல்வார்கள். வழக்கமான மரத்துப்போகும் மருந்தைச் செலுத்தித்தான் அறுத்தார்கள். அதன் பின் வந்த வயிற்று உபாதைக்குத்தான் ஊசி.

ஆபத்தைப் பற்றிய கணக்கும் சொல்லிவிடுகிறேன். ஜெர்மனியில் மருத்துவர்களிடம் ஊசி பெற்ற 229,230 பேரைக் கவனித்து 2009இல் வெளியான ஆய்வில் 8.6 விழுக்காட்டினர் ஏதேனும் ஒரு பக்க விளைவைச் சொன்னார்கள். பெரும்பாலும் சிறு இரத்தக் கசிவு, கன்றிப்போதல், வலி. இருவருக்கு நுரையீரலைச் சுற்றிக் காற்றுப் புகுந்தது. அது மார்பிலும் மேல் முதுகிலும் ஆழமாகக் குத்துவதால் வருவது. ஆகவே முழங்காலுக்குப் போன இடத்தில் "கழுத்துக்கும் சேர்த்துப் போட்டுவிடலாம்" என்றால் இப்போதைக்கு வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். குத்திய இடம் இரண்டு நாள் கழித்தும் சிவந்து, சூடாகி, வீங்கியிருந்தால் சர்க்கரை நோயாளி காத்திருக்கக் கூடாது. அன்றே காட்ட வேண்டும்.

கேள்வி கேட்டவர்

இதய மருத்துவரிடம் இன்று கேட்டேன். மாத்திரைகளைத் தொடாதவரை, முழங்காலில் மட்டும், ஆழமின்றி மேலோட்டமாகக் குத்துவதில் தனக்கு ஆட்சேபனை இல்லை என்றார். பாதத்தில் உணர்வு இருக்கிறதா என்று நைலான் இழையால் தொட்டுப் பார்த்தார்கள். இடது பெருவிரலில் அம்மாவுக்குத் தெரியவில்லை. இதை நாங்கள் இதுவரை அறியாமலே இருந்திருக்கிறோம். ஆகவே கணுக்காலுக்குக் கீழே ஊசியும் கூடாது, சூடும் கூடாது என்று ஒரு தாளில் எழுதி மாத்திரைச் சீட்டோடு பின் போட்டு வைத்துவிட்டேன். அரசு மருத்துவமனையின் இயற்கை மருத்துவப் பிரிவில் வரும் வியாழக்கிழமை காலை வரச் சொல்லியிருக்கிறார்கள். எட்டு அமர்வு என்று அம்மாவிடமும் பேசி முடிவு செய்தாயிற்று. நோட்டில் முதல் வரியும் எழுதிவிட்டேன்: மாடிப்படி 14, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, நடுவில் இரண்டு முறை நின்று.

பதில் 6: கோவை இயற்கை மருத்துவர்

நல்லது. அன்று அம்மா புடவைக்குப் பதிலாக முழங்காலுக்கு மேல் எளிதாக ஏற்றிவிடக்கூடிய தளர்ந்த ஆடை உடுத்தி வந்தால் அவருக்கும் கூச்சமிராது, ஊசி போடுகிறவருக்கும் வசதியாக இருக்கும். முடிந்து எழும்போது ஐந்து நிமிடம் கட்டிலிலேயே உட்கார வையுங்கள், உடனே நடக்க விடாதீர்கள். பையில் ஒரு வாழைப்பழம் இருக்கட்டும்.